எது நடந்தால் நிறுத்துவான்?

நான் எழுதும் கம்ப்யூட்டர் கேமில் அடி மட்டும்தான் முதல் தடவையே சரியாக வந்தது. மற்றதெல்லாம் எரர். கதவு திறக்கவில்லை, பெண் நடக்கவில்லை, ஜன்னலுக்கு நிறம் வரவில்லை. ஒவ்வொன்றுக்கும், எழுதியதைச் சரிபார்க்கும் கம்பைலர் ஒரு சிவப்பு வரியை நீட்டியது. ஆனால் அவன் கையை ஓங்குவதையும், அது அவள் கன்னத்தில் இறங்குவதையும், அவள் தலை ஒரு பக்கம் போய்த் திரும்புவதையும் தனி ஃபைலில் எழுதி ஓட்டிப் பார்த்தபோது ஒரு பிசிறு இல்லை. டீச்சர் என் பின்னால் வந்து நின்று பார்த்தாள்.

"அக்கா, அடி அப்படியே நிஜம் மாதிரி இருக்கே. எங்க கத்துக்கிட்டீங்க?"

"வீட்ல" என்றேன். வகுப்பே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன்.

ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்புகளை வெளுத்துக் கொடுக்கும் ஆலையில் எனக்கு வேலை. அதை இழுத்து மூடப் போகிறார்கள் என்று தெரிந்ததும், வேறு தொழில் பழகிக்கொள்ளுங்கள் என்று எங்களைப் பயிற்சி மையத்துக்கு அனுப்பினார்கள். தையல் வகுப்பு நிரம்பிவிட்டது. சமையல் வகுப்பும் நிரம்பிவிட்டது. மிச்சம் இருந்தது ஜாவா என்ற கம்ப்யூட்டர் மொழியில் கேம் எழுதுவது. என் தலையில் அதுதான் எழுதியிருந்தது. காலையில் ஆலை, மதியம் வகுப்பு. கீழே டயர் கடை, மேலே எங்கள் வகுப்பு. கீழே சுத்தியலால் அடிக்கும்போதெல்லாம் மேலே மேசை அதிரும். டீச்சருக்கு என் தங்கை வயதுகூட இருக்காது. வாய் மட்டும் எட்டு ஊருக்குக் கேட்கும்.

ஆளுக்கொரு கேம் எழுத வேண்டும். கடைசியில் அது ஆரம்பத்திலிருந்து முடிவு வரை ஓட வேண்டும். ஓடினால் சான்றிதழ், சான்றிதழ் இருந்தால் வெளியூரில் தங்க அறையோடு ஒரு வேலை. பக்கத்து சீட்டுக்காரி விழும் பழங்களைக் கூடையில் பிடிக்கும் கேம் எழுதினாள். ஆலையில் என்னோடு துணி மடிப்பவள் பறவை பறக்க விட்டாள். நான் எழுதியது இது: ஒரு வீடு, அதில் ஒரு பெண். ஒருவன் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்து அடிக்கிறான். அவள் சாகாமல் இருக்க வேண்டும். அவன் யார் என்று டீச்சர் கேட்டதற்குத் திருடன் என்றேன். தெரிந்ததைத்தானே எழுத முடியும்?

ஒரு நாள் கம்பைல் பட்டனை அழுத்தியதும் திரை முழுக்கச் சிவப்பாகக் கொட்டியது. கை கால் ஓடவில்லை. எந்த வரியைக் குறை சொல்கிறதோ அந்த வரியை அழித்தேன். அடுத்ததைச் சொன்னது, அதையும் அழித்தேன். டீச்சர் வந்து பார்த்தபோது பாதி வீட்டைக் காணோம்.

"என்னக்கா பண்ணி வச்சிருக்கீங்க? நல்லா இருந்ததை எல்லாம் எதுக்கு அழிச்சீங்க?"

"அதுதான் தப்புன்னு சொல்லுச்சே."

"அது ஆயிரம் சொல்லும். முதல் எரரை மட்டும் பாருங்க. மத்ததெல்லாம் அது போட்ட குட்டிங்க." அவள் திரையில் மேல் வரிக்குப் போய், நான் போட மறந்த ஒரு அடைப்புக்குறியைப் போட்டாள். அழித்ததையெல்லாம் திரும்பக் கொண்டுவந்தாள். மொத்தச் சிவப்பும் போய்விட்டது.

அதைப் பார்த்து எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். அழுகைதான் வந்தது. வீட்டிலும் நான் அதே வேலையைத்தான் செய்துகொண்டிருந்தேன். குழம்பில் உப்பு என்று என் வீட்டுக்காரர் அடித்தார், உப்பைக் குறைத்தேன். செருப்பு வாசலில் குறுக்கே கிடக்கிறது என்று அடித்தார், செருப்பை உள்ளே வைத்தேன். செருப்பு உள்ளே இருக்கிறது என்று அடித்தார். போனில் சிரித்துப் பேசினேன் என்று அடித்தார், என் அக்காவோடு பேசுவதையே விட்டேன். எதைக் காட்டினாலும் அதை என்னிடமிருந்து அழித்துக்கொண்டே வந்தேன்.

அவர் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறார். ஃபிரேமை நெளித்து, லென்ஸைப் பொருத்தி, வருகிறவர்களின் காதில் மாட்டிப் பார்த்துச் சரிசெய்வது அவர் வேலை. பூ மாதிரித் தொடுவார் என்று கடை முழுக்கப் பேச்சு. அழுகிற பிள்ளைகளைக்கூட அவரிடம்தான் அனுப்புவார்களாம். அடித்து முடித்த பிறகு என்னிடம் ஒன்று சொல்வார். "கோபம் வந்தா எனக்குக் கண்ணே தெரிய மாட்டேங்குது. நான் என்ன பண்ணட்டும், சொல்லு." நம்பினேன். காய்ச்சல் மாதிரி அவருக்கு அது வருகிறது, போகிறது என்று நம்பித்தான் அத்தனை வருஷம் அந்த வீட்டில் கிடந்தேன். காய்ச்சல்காரனை விட்டுவிட்டு எப்படிப் போவது?

ஆரம்பத்தில் கன்னத்தில்தான் அடிப்பார். கடை முதலாளியின் மனைவி ஒரு தடவை என் கன்னத்தைப் பார்த்து என்ன ஆச்சு என்று கேட்டார். அதற்குப் பிறகு முதுகு, தொடை, தலைமுடிக்கு உள்ளே என்று மாறியது. முகத்தை விட்டுவிட்டாரே, கொஞ்சம் இரக்கம் வந்துவிட்டது போல என்று நினைத்தேன். சிரிக்காதீர்கள், நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன்.

கேம் பாதிக்கு மேல் வந்துவிட்டது. திருடன் உள்ளே வந்ததும் அடித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பதற்காக, திரும்பத் திரும்ப ஓடும், முடிவே இல்லாத ஒரு சுற்றுக்குள் அடியைப் போட்டேன். சுற்று முடிந்த பிறகு அவன் நாற்காலியில் உட்கார வேண்டும், தண்ணீர் குடிக்க வேண்டும், மன்னிப்புக் கேட்க வேண்டும். எல்லாம் எழுதி கம்பைல் செய்தேன். ஒரே ஒரு எரர். இந்த வரிக்கு ஒருநாளும் போய்ச் சேர முடியாது என்றது. கை காட்டிய வரி, அவன் உட்காரும் வரி.

"சரியாத்தானே சொல்லுது" என்றாள் டீச்சர். "அவன் அடிச்சுக்கிட்டே இருக்கான். அப்புறம் எங்க உட்கார்றது? ஜாவா இதை விடாதுக்கா. எது நடந்தா நிறுத்துவான்னு எழுதுங்க."

"கோபம் தீர்ந்தா நிறுத்துவான்."

"சரி, அதையே எழுதுங்க."

கோபம் என்று ஒன்றை வைத்து, அது இருக்கும்வரை அடிக்கட்டும் என்று எழுதினேன். எரர் போய்விட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஓட விட்டேன். திருடன் வந்தான், அடித்தான், அடித்தான், அடித்துக்கொண்டே இருந்தான். அவளுக்கு எவ்வளவு உயிர் மிச்சம் என்று காட்டும் கோடு தீர்ந்த பிறகும், தரையில் கிடந்தவளை அடித்தான். திரை அப்படியே உறைந்துபோனது. மூடுகிற பட்டனை அழுத்தினால் அதுகூட வேலை செய்யவில்லை. பின்னால் இருந்தவர்கள் "ஐயோ பாவம், விட்ருடா டேய்" என்று கத்திச் சிரித்தார்கள்.

டீச்சர் சிரிக்கவில்லை. "கம்பைலரை ஏமாத்திட்டீங்க. கோபம் எப்ப தீரும்னு நீங்க எங்கயுமே எழுதலையேக்கா. அதுவா தீராது. ஏதாவது நடந்தாத்தான் தீரும். என்ன நடக்கணும்?"

இத்தனை அடி வாங்கியவளுக்கு அது தெரியாதது எனக்கே அசிங்கமாக இருந்தது. அவள் அழுதால் நிறுத்துவான் என்று எழுதிப் பார்த்தேன். அழுதால் அதிகம்தான் விழும் என்று எனக்குத் தெரியும், அழித்தேன். களைத்தால் நிறுத்துவான் என்று எழுதினேன். போன வாரம் வேர்வைகூட வராமல் நிறுத்தினாரே, அழித்தேன். ரத்தம் வந்தால்? ரத்தம் வந்த நாளில் தரை அழுக்காகிவிட்டது என்று மேலும் விழுந்தது. கடைசியில் உயிர் தீர்ந்தால் நிறுத்துவான் என்று எழுதினேன். அது ஓடியது. திருடன் அவளைக் கொன்றுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தான்.

"இதுல விளையாடுறவங்க ஜெயிக்கவே முடியாதே" என்றாள் டீச்சர். "வேற ஏதாவது இருக்கும். கவனிச்சுப் பாருங்க."

இரண்டு நாள் கழித்து, மின்சாரம் இல்லை என்று வகுப்பைச் சீக்கிரம் விட்டுவிட்டார்கள். மையத்தின் பழைய லேப்டாப்பை வீட்டுக்குக் கொண்டுவந்து, சமையலறை மேசையில் வைத்துத் தட்டிக்கொண்டிருந்தேன். வெயில் ஜன்னல் வழியாக நேராகத் திரையில் விழுந்தது. அவர் சாவி போட்டுத் திறந்து வந்தது எனக்குக் கேட்கவே இல்லை.

"யாரு இது?"

"திருடன். கேம்ல வர்றவன்."

"திருடனுக்கு எதுக்கு என் சட்டை?"

பார்த்தேன். நீலத்தில் வெள்ளைக் கோடு, அவர் அப்போது போட்டிருந்த அதே சட்டை. சத்தியமாக யோசித்துப் போட்டதில்லை. நிறம் கேட்டது, கைக்கு வந்ததைக் கொடுத்திருக்கிறேன்.

அவர் லேப்டாப்பை மூடினார். ஒயரைப் பிடுங்கிச் சுருட்டி, இரண்டையும் அலமாரியின் மேல்தட்டில் பத்திரமாக வைத்தார். பிறகு என் முடியைப் பிடித்து முஷ்டியில் ஒரு சுற்றுச் சுற்றி, பிரிட்ஜ் கதவில் என் தலையை மோதினார். ஒரு தடவை மோதியதில் காந்தத்தில் ஒட்டியிருந்த காகிதங்கள் எல்லாம் கீழே விழுந்தன. "ஊரு முழுக்க என்னைத் திருடன்னு காட்டுறியா?" இன்னொரு தடவை. கீழே விழுந்தேன். முதுகில் முழங்காலை ஊன்றி விலாவில் குத்தினார். மூச்சு வெளியே போனது, திரும்பி வரவில்லை. எப்போதும் கொஞ்சம் இடைவெளி கிடைத்ததும் குளியலறைக்கு ஓடிப்போய்த் தாழ் போட்டுக்கொள்வேன். அன்றைக்கும் தவழ்ந்தேன். காய் நறுக்கும் பலகையை எடுத்துக் கணுக்காலில் போட்டார். உள்ளே ஏதோ முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. கத்த வாயைத் திறந்தேன், வாய்க்குள் ரத்தம்தான் இருந்தது.

அழைப்பு மணி அடித்தது.

ஓங்கிய கை பாதியில் நின்றது. பலகையை அதன் இடத்தில் வைத்தார். தொட்டியில் கை கழுவி, துண்டில் துடைத்து, சட்டையை உள்ளே செருகிக்கொண்டார். வாசலிலிருந்து பார்த்தால் தெரியும் என்று என் காலைத் தன் காலால் ஓரமாகத் தள்ளினார். சமையலறைக் கதவை முக்கால்வாசி சாத்திவிட்டுப் போனார். மணி அடித்து அவர் நிறுத்திய நாட்கள் முன்பும் உண்டு. அப்போதெல்லாம் நான் குளியலறைக்குள் குழாயைத் திறந்துவிட்டுக் கிடப்பேன். வெளியே வரும்போது எல்லாம் அடங்கியிருக்கும், கோபம் தானாகப் போய்விட்டது என்று நினைத்துக்கொள்வேன். அன்றைக்கு எழுந்திருக்க முடியவில்லை. அதனால் கதவு இடுக்கு வழியாக முழுவதையும் பார்த்தேன்.

கீழ்வீட்டு அம்மா நின்றிருந்தார். தனியாக இருப்பவர், எப்போதும் ஏதாவது கேட்டுக்கொண்டு மேலே வருவார். கையில் மூக்குக் கண்ணாடி, ஒரு பக்கக் கம்பி தனியாக.

"தம்பி, இது கழண்டு வந்துருச்சுப்பா. எனக்கு ஒண்ணுமே தெரிய மாட்டேங்குது."

"அதுக்கென்னம்மா, குடுங்க. ஒரு நிமிஷம்."

சட்டைப் பையிலிருந்து குட்டி ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். அந்தத் திருகு அரிசி நொய் அளவுகூட இருக்காது. அதை விரல் நுனியில் ஒட்டவைத்து, துளைக்கு நேராகக் கொண்டுபோய், முதல் தடவையிலேயே உள்ளே இறக்கினார். மெதுவாகத் திருகினார். ஊதித் துடைத்து, அந்த அம்மாவின் இரண்டு காதிலும் மாட்டி, பின்பக்கம் கம்பியை லேசாக அழுத்திப் பார்த்தார். "இறுக்குதாம்மா?" என்று கேட்டார். நான் பார்த்தது அந்தக் கையை மட்டும்தான். நடுக்கம் என்பது பேருக்குக்கூட இல்லை.

கோபம் தலைக்கேறியவன் அந்தத் திருகைப் போட முடியாது. நான் போட முடியாது, நீங்கள் போட முடியாது. கண்ணே தெரியாதவன் லேப்டாப்பின் ஒயரைச் சுருட்டி வைக்க மாட்டான். கன்னத்தை விட்டு முதுகுக்குப் போக மாட்டான். யாராவது பார்த்தால் நிறுத்துவான். அவ்வளவுதான், அது ஒரே வரி. காய்ச்சலாவது மண்ணாவது. இத்தனை வருஷமும் ஒவ்வொரு அடியையும் பார்த்துப் பார்த்து அடித்திருக்கிறான்.

விலா வலி, கால் வலி எல்லாம் இருந்தது. அது ஒன்றுமே இல்லை. இது தெரிந்ததுதான் என்னைக் கொன்றது.

கதவைச் சாத்தினான். ஸ்க்ரூடிரைவரைப் பைக்குள் வைத்துப் பட்டனைப் போட்டான். சமையலறைக்குள் வந்து, "எங்க விட்டேன்?" என்று கேட்பவன் போல என்னைப் பார்த்துவிட்டு, பலகையை மறுபடியும் எடுத்தான்.

ஈரமான விரிப்புகளை இழுத்து இழுத்துக் காய்த்துப்போன கை என்னுடையது. அதை வீட்டில் ஒருநாளும் தூக்கியதில்லை. அவனுடைய இரண்டு கணுக்காலையும் பிடித்து, ஊறிய விரிப்பை இயந்திரத்திலிருந்து இழுப்பது போல ஒரே இழுப்பு இழுத்தேன். மல்லாக்க விழுந்தான். பின்மண்டை மேசைக்காலில் பட்டது, பலகை அவன் வாயிலேயே விழுந்தது. அவன் மேல் ஏறித் தவழ்ந்து வெளியே வந்தேன். நிலைக்கதவை எட்டித் தாழை இழுத்தபோது பின்னாலிருந்து முடி பிடிபட்டது. தோல் உரிவது போல இழுத்தான். கதவு முழுசாகத் திறந்துகொண்டது.

கீழ்வீட்டு அம்மா பாதிப் படியில்தான் நின்றிருந்தார். எதிர்வீட்டுக் கதவும் திறந்தது. என் முடிக்குள் இருந்த முஷ்டி விரிந்தது. விரிந்து, என் தலையைத் தடவியது.

"என்னம்மா, விழுந்துட்டியா? பார்த்து வரக் கூடாதா?" என்றான், கடையில் பேசும் அதே குரலில்.

அந்தத் தடவல்தான் எனக்குத் தாங்கவில்லை. சுவரைப் பிடித்து எழுந்து நின்று, முஷ்டியை மடக்கி அவன் மூக்கில் குத்தினேன். எலும்பு உடைவது விரலில் தெரிந்தது. இன்னொன்று விட்டேன், பல் என் விரலைக் கிழித்தது. அவன் திருப்பி அடிக்கவில்லை. ரத்தம் கோடு போட்ட நீலச் சட்டையில் வழிய, எதிர்வீட்டுக்காரரைப் பார்த்து, "அவளுக்குக் கொஞ்சம் உடம்பு சரியில்ல" என்று சிரித்தான். கழுத்தில் ஒன்று, காதில் ஒன்று. அவனால் நிறுத்திக்கொள்ள முடிகிறது என்பதை ஒவ்வொரு அடியிலும் பார்த்தேன். பார்க்கப் பார்க்க வெறி ஏறியது. நிறுத்தியது நான்தான், கை வலித்ததும்.

கீழ்வீட்டு அம்மா வந்து என்னைத் தாங்கிக்கொண்டார். ஒரு காலை இழுத்துக்கொண்டு படி இறங்கினேன். உள்ளே போனதும் அவர் கதவைத் தாழ் போட்டு, அதன் மேல் ஒரு நாற்காலியையும் சாய்த்தார். மேலேயிருந்து அவன் என்னைச் செல்லமாகக் கூப்பிடுவது கேட்டது. "கீழ வர்றேன், பேசிக்கலாம்மா."

"நல்ல நேரத்துக்கு உங்க கண்ணாடி கழண்டுச்சும்மா" என்றேன்.

அவர் ஈரத்துணியால் என் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அது தானா கழண்டு வரலம்மா. நான்தான் கழட்டினேன்." என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "சத்தம் கேக்கும். கேட்டதும் ஏதாவது சாக்கு வச்சுக்கிட்டு மேல வந்து மணி அடிப்பேன். உப்பு, தீப்பெட்டி, எது கிடைச்சாலும். மணி அடிச்சா நிறுத்திருவாரு. எப்பவுமே நிறுத்திருவாரு."

எனக்குத் தெரியாதது இவருக்குத் தெரிந்திருக்கிறது. ஒரு தளம் கீழே, இத்தனை நாளாக. அவரைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது, பிடித்து உலுக்க வேண்டும் போலவும் இருந்தது.

"அப்ப ஏம்மா போலீஸுக்குச் சொல்லல?"

"பயம்மா. ஒத்தையில இருக்கேன். நீயும் மறுநாள் அவரோட சிரிச்சுக்கிட்டுப் போவே. நான் யாரு நடுவுல?" அவர் அழுதார். "தப்புதான்."

மேலே படியில் செருப்புச் சத்தம். மெதுவாக, அவசரமே இல்லாமல் இறங்கியது.

"இப்ப சொல்லுங்க" என்றேன்.

அவர் போனை எடுத்து எண்ணை அழுத்தினார். அந்தப் பக்கம் எடுத்ததும் போனை என் காதில் வைத்தார். என்ன பிரச்சனை என்று ஒரு பெண் குரல் கேட்டது. அவன் கதவைத் தட்டினான், விரல் நுனியால், மரியாதையாக.

"என் புருஷன் என்னை அடிக்கிறான்" என்றேன். "தெரிஞ்சேதான் அடிக்கிறான்."